ரப்பர் பேண்டில் ஓடும் கார்: பழைய சிடியும் மூங்கில் குச்சியும் போதும்

அறிவியல் கண்காட்சிக்கு ரப்பர் பேண்டு கார் செய்து வரச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். நாலு பாட்டில் மூடி, ஒரு அட்டை, ரெண்டு குச்சி, அப்புறம் கையில் கிடைத்த ரப்பர் பேண்டு அத்தனையும். முறுக்கி விட்டால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். உடனே வீட்டில் யாராவது ஒருவர் "இன்னும் ரெண்டு ரப்பர் பேண்டு சேர்த்துப் போடு" என்பார். போட்டால் முன்பு ஓடிய தூரம்கூட ஓடாது.

என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பில் செய்த முதல் காரும் அப்படித்தான் இருந்தது. ஆறு ரப்பர் பேண்டை ஒன்றாகச் சேர்த்து மாட்டியிருந்தாள். மொசைக் தரையில் விட்டதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே கிர்ரென்று சுற்றியது, வண்டி ஒன்றரை மீட்டர் தாண்டவில்லை. நாலு ரப்பர் பேண்டைக் கழற்றச் சொன்னேன். "சித்தப்பா, கழட்டினா எப்படி ஓடும்?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினாள். இரண்டே பேண்டில் மூன்று மீட்டர் போனது. அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு இதில் உண்மையான ஆர்வம் வந்தது, எனக்கும் இதை ஒழுங்காக உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ரப்பர் தருகிற ஆற்றல் கொஞ்சம்தான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வருகிற மாதிரி, வழியில் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று தேடி அடைப்பதுதான் இந்த வேலை. அதிகத் தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை. கீழே சொல்லும் கார் அதிக தூரம் ஓடுவதற்கானது. வேகத்துக்கான கார் வேறு மாதிரி, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் ரப்பரைத் தெரிந்துகொள்வோம்

ஒரு ரப்பர் பேண்டை எடுத்துச் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். அப்படியே சில விநாடி பிடித்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வைத்தால் குளிரும். இதை 1800களின் தொடக்கத்திலேயே ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் கவனித்து எழுதியிருக்கிறார், அவருக்குப் பார்வை கிடையாது. இரும்புச் சுருள் இப்படி நடந்துகொள்ளாது. நீங்கள் இழுக்கக் கொடுக்கும் ஆற்றலில் ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது, இழுத்து வைத்து நேரமாக ஆக இழுவிசையும் மெல்லத் தளர்கிறது. அதனால் வண்டியை முறுக்கி வைத்துவிட்டு போட்டோ எடுப்பது, பேசிக்கொண்டு நிற்பது எல்லாம் வேண்டாம். முறுக்கியதும் விட்டுவிட வேண்டும்.

குமரி மாவட்டப் பக்கம் ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரத்தில் கீறி எடுக்கும் பாலை உறைய வைத்துத் தட்டினால் வரும் ஷீட்டுக்கும் நம் கையில் இருக்கும் ரப்பர் பேண்டுக்கும் நிறைய வித்தியாசம். பச்சை ரப்பரை இழுத்தால் முழுதாகத் திரும்பாது, வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை போகிறது என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த பிறகுதான் இழுத்தால் திரும்பி வருகிற ரப்பர் கிடைத்தது. 1845 மார்ச்சில் லண்டனில் ஸ்டீபன் பெர்ரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1871இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் முறுக்கிய ரப்பரால் ஒரு சின்ன மாதிரி விமானத்தைப் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் 11 விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். அவர் பாணியில் வந்த ரப்பர் பொம்மை ஒன்றுதான் ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது அவர்கள் அப்பா வாங்கி வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான்.

வாங்கும்போது புதுசாக, மணமும் மினுமினுப்பும் உள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். மேஜை டிராயரில் ரெண்டு வருடம் கிடந்ததை இழுத்து உற்றுப் பார்த்தால் குறுக்கே முடி மாதிரி வெடிப்பு தெரியும், அது முறுக்கும்போதே அறுந்து முகத்தில் அடிக்கும். புது பேண்டையும் நேரே மாட்டாதீர்கள். மூன்று நான்கு முறை, அறுந்துவிடாத அளவுக்கு நன்றாக இழுத்து விடுங்கள். முதல் இழுப்பில் ரப்பர் விறைப்பாக இருக்கும், அடுத்தடுத்த இழுப்பில் இளகி ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இப்படிப் பழக்காமல் விட்டால் முதல் ஓட்டமும் இரண்டாம் ஓட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் குழப்பும்.

நான் பயன்படுத்தியது மளிகைக் கடையில் பொட்டலத்துக்குப் போடும் சாதாரண மெல்லிய பேண்டு, மூன்றை ஒன்றோடு ஒன்று கோத்துச் சங்கிலியாக்கியது. பக்கம் பக்கமாகச் சேர்க்கக் கூடாது. பக்கம் பக்கமாகச் சேர்த்தால் இழுவிசை கூடும், நீளம் கூடாது. ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்தால் அதே இழுவிசையில் அதிக நீளம் இழுபடும். நமக்கு வேண்டியது மெதுவாக, நீண்ட நேரம் இழுக்கும் ரப்பர்.

எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளந்துவிடலாம். சங்கிலியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் காலி தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சங்கிலி தன் இயல்பான நீளத்தைவிட 30 செ.மீ. நீளும்வரை ஊற்ற வேண்டும். எங்களுக்கு ஏறக்குறைய 600 மி.லி. பிடித்தது, அதாவது 600 கிராம் இழுவிசை. தொடக்கத்தில் பூஜ்யம், முடிவில் 600, நடுவில் சராசரியாக 300 கிராமுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொண்டால், 0.3 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 100 கிராம்-மீட்டர். 100 கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றல், கிட்டத்தட்ட ஒரு ஜூல். நம் கையிருப்பு அவ்வளவுதான்.

சாமான்கள்

பழைய சிடி நாலு. 3 மி.மீ. தடிமன் மூங்கில் குச்சி ரெண்டு மூன்று, பனீர் டிக்கா செருகும் குச்சிதான், சூப்பர் மார்க்கெட்டில் கட்டாகக் கிடைக்கும். கெட்டியான நெளி அட்டை, டிவி, மிக்ஸி வந்த பெட்டியாக இருந்தால் நல்லது. மெல்லிய பேனாக் குழல் ரெண்டு. முன்பெல்லாம் இந்த இடத்தில் ஸ்ட்ரா என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடை, காகித ஸ்ட்ரா நம் குச்சிக்கு மிகவும் பெரிசு, சீக்கிரம் நசுங்கியும் விடும். எழுதித் தீர்ந்த பேனாவின் வெளிக்குழல் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். குச்சி உள்ளே தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது, அப்படிப் பொருந்தும் பேனாவாகத் தேடி எடுங்கள். பூக்கட்டும் நூல், ஒரு பலூன் அல்லது இரண்டு, நாலைந்து பாசிமணி, வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்று, உப்புத்தாள், ஃபெவிகால், ஃபெவிக்விக், பழைய கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை எதற்கு என்று சக்கரத்தில் சொல்கிறேன்.

இருக்கிற பொருளில் செய்வதை நான் வேண்டுமென்றே வலியுறுத்துகிறேன். அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்துப் பல ஆண்டுகளாக இந்தியப் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டியவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் வழியில் செய்யும்போது கெட்டுப்போனால் பயமில்லை, இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். ஒரு கண்காட்சியில் 800 ரூபாய் கொடுத்து வாங்கிய ரெடிமேட் கிட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டு வந்த பையனிடம், சக்கரம் ஏன் இந்த அளவு என்று கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. அது அவன் தவறில்லை, அவனுக்கு அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே யாரும் கொடுக்கவில்லை.

அடித்தட்டு

50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் அட்டை இரண்டு வெட்டுங்கள். நெளி அட்டையின் உள்ளே இருக்கும் வரிகள் நீளவாக்கில் ஓட வேண்டும், இதைத் தவறவிட்டால் ரப்பர் இழுக்கும்போது வண்டி வில்லாக வளைந்துவிடும். 600 கிராம் என்பது அட்டைக்குச் சின்ன இழுப்பல்ல. ஃபெவிகால் தடவி இரண்டையும் ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். அவசரம் என்றால் அடியில் நீளவாக்கில் ரெண்டு மூங்கில் குச்சியை ஒட்டிவிட்டால் போதும்.

பின்விளிம்பில் நடுவே 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டுங்கள். நூல் சுற்றும் இடம் அது. இதை அகலமாக வெட்டத் தோன்றும், வெட்டாதீர்கள். வாய் 10 செ.மீ. இருந்தால் நூல் இழுக்கும்போது மூங்கில் அச்சு நடுவில் கண்ணுக்குத் தெரியும்படி வளைகிறது, வளைந்தால் குழலின் விளிம்பில் உரசுகிறது. 4 செ.மீ. என்றால் அந்த வளைவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

வாயின் இரண்டு பக்கமும் 3 செ.மீ. நீளப் பேனாக் குழல் துண்டுகளை ஒட்ட வேண்டும். ஒட்டும்போது இரண்டு குழலிலும் ஒரே குச்சியைச் செருகியபடி ஒட்டினால் இரண்டும் தானாக நேர்க்கோட்டில் அமையும். முன்பக்கம் விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே 10 செ.மீ. நீளக் குழல் ஒன்று.

இந்த இரண்டு அச்சும் இணையாக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் வண்டி நேராக ஓடுவது இருக்கிறது. இடப்பக்கம் முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை அளவு, வலப்பக்கம் அதே அளவு. 10 செ.மீ. அகலத்தில் ஒரு பக்கம் 1 மி.மீ. முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகும்? அச்சுகளுக்கு இடையே 40 செ.மீ. இருந்தால், வண்டி 10 மீட்டர் ஓடி முடிக்கும்போது ஒன்றேகால் மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். பள்ளி வராந்தாவில் அது சுவர். ஆகவே முன்குழலை முதலில் ஒரு சொட்டு பசையில் மட்டும் ஒட்டி, ஓட்டிப் பார்த்து, திருப்பிச் சரிசெய்த பிறகு முழுசாக ஒட்டுங்கள்.

சக்கரம்

சிடியின் குறுக்களவு 120 மி.மீ., நடு ஓட்டை 15 மி.மீ. குச்சியோ 3 மி.மீ. இந்த ஓட்டைக்குச் சரியான நடு கண்டுபிடிப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாட்டில் மூடியை ஒட்டி, கண் மட்டத்தில் நடுவில் குத்தினால் சக்கரம் ஏறி இறங்கி நொண்டும். நொண்டும் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது, அதில் போகும் ஆற்றல் திரும்பி வராது.

நாங்கள் செய்தது இப்படி. கெட்டியான கல்யாணப் பத்திரிகையில் காம்பஸை ஊன்றி, ஊன்றிய இடத்தை விட்டு எடுக்காமல் இரண்டு வட்டம் போட வேண்டும். ஒன்று 7.5 மி.மீ. ஆரம், இன்னொன்று 20 மி.மீ. ஆரம். பெரிய வட்டத்தை வெட்டி எடுங்கள். சிடியின் பின்னால் அதை வைத்து, ஓட்டை வழியே பார்த்தால் சின்ன வட்டத்தின் கோடு தெரியும். அந்தக் கோடு ஓட்டையின் விளிம்போடு சுற்றிலும் ஒரே அளவாகப் பொருந்தும்வரை நகர்த்தி ஒட்டுங்கள். காம்பஸ் முள் குத்திய புள்ளிதான் இப்போது சக்கரத்தின் உண்மையான நடு. அந்தப் பக்கமும் இன்னொரு வட்டம். முள் குத்திய புள்ளியைக் குச்சியின் கூர்முனையால் மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிப் பெரிசாக்கினால் குச்சி இறுக்கமாக உட்காரும். கத்தரியால் ஓட்டை போடாதீர்கள், ஒரு பக்கம் கிழிந்து நடு தவறிவிடும். அண்ணன் மகள் நாலு சக்கரத்துக்கும் எட்டு வட்டம் வெட்டி ஒட்ட ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டாள், அந்த மாலை வீண் போகவில்லை.

குச்சியைச் செருகும் முன் குழலுக்குள் இருக்கும் பகுதியை உப்புத்தாளால் நன்றாக வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் பென்சில் முனையைப் பொடியாக உரசித் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம், மூங்கில் எண்ணெயைக் குடித்து உப்பும், எண்ணெய் ரப்பரில் பட்டால் ரப்பரும் கெடும். சக்கரத்துக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு பாசிமணி கோத்துவிடுங்கள். சிடி அட்டையில் முழுசாக உரசுவதற்குப் பதில் மணியின் சின்ன விளிம்பு மட்டும் தொடும்.

சக்கரம் அச்சுக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, ஒரு பென்சிலைச் சிடியின் விளிம்புக்கு மிக அருகில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் அந்தப் பக்கம் லேசாக அழுத்திச் சரிசெய்து, பிறகே ஃபெவிக்விக் ஒரு சொட்டு. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்க வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

ரப்பர் மாட்டும் முன் ஒரு சோதனை

ஒரு மீட்டர் நீளப் பலகையில் காரை வைத்து, ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். லேசாகத் தட்டிவிட்டால் வேகம் கூடாமலும் குறையாமலும் உருளும் உயரம் எது? எங்கள் காருக்கு முதலில் 6 செ.மீ. வந்தது. ஒரு பாசிமணி இறுக்கமாக இருந்ததைத் தளர்த்தி, அச்சை மறுபடி தேய்த்ததும் 3 செ.மீ. ஆனது. 100 செ.மீ.க்கு 3 செ.மீ. என்றால், காரின் எடையில் 100இல் 3 பங்கு விசை உராய்வுக்கே போகிறது என்று அர்த்தம். 150 கிராம் காருக்கு 4.5 கிராம்.

இப்போது கணக்குப் போடுங்கள். கையிருப்பு 100 கிராம்-மீட்டர். ரப்பரின் சூட்டிலும் அச்சு இழுபடும் உராய்விலும் 30 போகட்டும். மீதி 70. எழுபதை 4.5ஆல் வகுத்தால் 15 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே கார் 6 செ.மீ. நிலையிலேயே இருந்திருந்தால் 8 மீட்டர்கூட வராது. ரப்பரில் கை வைக்காமலே தூரம் இரட்டிப்பாகிறது. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த இடம் இதுதான். வண்டி ஓடும் முன்பே எவ்வளவு ஓடும் என்று ஒரு காகிதத்தில் எழுதி மடித்து வைக்கலாம், பிறகு ஓட்டிப் பார்த்துப் பிரிக்கலாம்.

கொக்கியும் நூலும்

இங்கே ஒரு தவறு செய்தால் மேலே செய்த அத்தனையும் வீண். நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. கட்டினால் ரப்பர் முழுவதும் தளர்ந்த பிறகும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அப்போது அச்சு நூலைத் திரும்ப மறுபக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும், ரப்பர் மறுபடி இழுபடும், வண்டி பிரேக் போட்ட மாதிரி நின்று பின்னால் வரும். என் முதல் கார் அப்படித்தான் இரண்டு மீட்டர் போய், ஒரு குலுக்கல் குலுக்கி, ஒரு அடி திரும்பி வந்தது.

அச்சின் நடுவில் வயர் டையை இறுக்கிப் பூட்டி, வாலை 4 மி.மீ. மட்டும் விட்டு வெட்டுங்கள். குட்டி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அதுதான் கொக்கி. டை வழுக்கிச் சுற்றாமல் இருக்க அச்சோடு ஒரு சொட்டுப் பசை, ஆனால் மூக்கின்மேல் பசை ஏறக் கூடாது, ஏறினால் நூல் அதில் சிக்கிக்கொள்ளும். ரப்பர் சங்கிலியின் முன் முனையை வண்டியின் முன்விளிம்பில் ஒரு குச்சித் துண்டில் மாட்டுங்கள். பின்முனையில் பூக்கட்டும் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் 1 செ.மீ. அகலத்தில் ஒரு வளையம் முடிச்சிடுங்கள். ரப்பர் தளர்வாக இருக்கும்போது இந்த வளையம் கொக்கியை எட்டிப்பிடிக்கிற நீளம் நூலுக்குப் போதும்.

வளையத்தைக் கொக்கியில் மாட்டி, நூலை லேசாக இழுத்துப் பிடித்தபடி பின்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். முதல் சுற்று வளையத்தின்மேல் ஏறி அதைப் பூட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல், பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். நூல் அச்சின் மேல்பக்கமாக முன்னோக்கிப் போக வேண்டும், அதையும் கவனியுங்கள். அடிப்பக்கமாகப் போனால் "சித்தப்பா, வண்டி பின்னாடி போகுது!" என்ற குரல் கேட்கும். விட்டதும் நூல் பிரிந்து பிரிந்து, கடைசிச் சுற்றில் கொக்கி முன்பக்கம் திரும்பும்போது வளையம் தானாக நழுவி விழும். அதன்பின் வண்டி ரப்பரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், சேர்த்து வைத்த வேகத்தில் தானே உருண்டு போகும். அந்த நழுவல் சத்தமில்லாமல் நடந்தால் எல்லாம் சரி. டக்கென்று சத்தம் வந்தால் கொக்கி நீளம், இன்னும் ஒரு மி.மீ. வெட்டுங்கள்.

அச்சின் தடிமன்தான் கியர்

சக்கரக் குறுக்களவை அச்சின் குறுக்களவால் வகுத்தால் வரும் எண்தான் இந்தக் காரின் கியர். 120ஐ 3ஆல் வகுத்தால் 40. நூல் 30 செ.மீ. இழுபட்டால் வண்டி அதைப்போல 40 மடங்கு, அதாவது 12 மீட்டர், ரப்பர் தள்ளத் தள்ளப் போகும். ஆனால் தரையில் கிடைக்கும் தள்ளுவிசையும் 40இல் ஒரு பங்குதான், 600 கிராம் இழுப்பு 15 கிராம் ஆகிவிடும். நூல் சுற்றும் இடத்தில் காகித டேப்பைச் சுற்றி அச்சை 6 மி.மீ. ஆக்கி அதன்மேல் டையைப் பூட்டினால் கியர் 20, தள்ளுவிசை 30 கிராம், தூரம் 6 மீட்டர், மீதியை உருண்டு போக வேண்டும்.

எது நல்லது? தரையைப் பொறுத்தது. வழுவழுப்பான டைல்ஸில் சிடியின் பிளாஸ்டிக் விளிம்புக்குப் பிடிமானம் ரொம்பக் குறைவு, 30 கிராம் தள்ளினாலே சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். அதற்குத்தான் பலூன். வாய்ப்பகுதியையும் அடிப்பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவளையத்தைப் பின்சக்கர விளிம்பில் டயர் மாதிரி மாட்டுங்கள். முன்சக்கரத்துக்கு வேண்டாம், அங்கே தள்ளு வேலை எதுவும் இல்லை. அச்சு 3 மி.மீ. ஆகவே இருந்து, வண்டி அசையவே தயங்கினால் டேப் ஒரு சுற்று கூட்டுங்கள். கிளம்பும்போது வழுக்கினால் ஒரு சுற்று குறையுங்கள். டேப்பை ஒவ்வொரு சுற்றாக மாற்றி ஓட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் உங்கள் தரைக்கு ஏற்ற அளவு பிடிபடும்.

கொஞ்சம் கை தேர்ந்தவர்கள் நூல் சுற்றும் இடத்தைக் கூம்பாகச் செய்யலாம். ஒரு பக்கம் 8 மி.மீ., போகப் போக 3 மி.மீ. கொக்கி தடித்த பக்கம். முறுக்கும்போது தடித்த பக்கத்தில் தொடங்கி மெல்லிய பக்கத்தில் முடியும். விட்டால் ரப்பர் முழு பலத்தோடு இருக்கும்போது மெல்லிய பக்கம் பிரியும், வழுக்காது. ரப்பர் தளரும்போது தடித்த பக்கம் வந்து கை கொடுக்கும். பழைய ஸ்பிரிங் கடிகாரங்களில் இதே காரணத்துக்காக இதே கூம்பை வைத்திருந்தார்கள்.

ஓட்டும் இடம்

மொட்டை மாடி பெரிசாக இருக்கிறதே என்று அங்கே ஓட்டாதீர்கள். மழைத்தண்ணீர் வடிய எல்லா மாடியிலும் சரிவு வைத்திருப்பார்கள், ஒரு திசையில் 20 மீட்டரும் எதிர்த்திசையில் 5 மீட்டரும் ஓடி உங்களைக் குழப்பும். பள்ளி வராந்தா, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் மாதிரி நீளமான சமதரைதான் வேண்டும். அங்கேயும் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். தரையை ஒருமுறை கூட்டிவிடுங்கள், ஒரு மணல் பருக்கை சிடியின் மெல்லிய விளிம்பைத் திருப்பிவிடும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்வது அவசியம். பேண்டு எத்தனை, நூல் எத்தனை சுற்று, டேப் எத்தனை சுற்று, தூரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று ஓட்டம். பத்துப் பதினைந்து ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் களைத்துவிடும், தூரம் குறைய ஆரம்பித்தால் வண்டியில் குறை தேடும் முன் பேண்டை மாற்றிப் பாருங்கள். முறுக்கும்போது யாரும் வண்டியின் நேர் முன்னாலோ பின்னாலோ முகத்தை வைத்துப் பார்க்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. கத்தி வேலை பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

வேகப் போட்டி என்றால்

எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள். சின்னச் சக்கரம், தடித்த அச்சு, பக்கம் பக்கமாகச் சேர்த்த ரப்பர், குட்டையான, எடை குறைந்த வண்டி. சிடி இதற்கு ஆகாது, விளிம்பில் எடை உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்ற ஆரம்பிக்கவே நேரமாகும். பாட்டில் மூடிக்கு இங்கேதான் வேலை. எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மேல் விழும்படி அமைத்து, அதில் சைக்கிள் ட்யூப் துண்டை டயராக ஒட்டுங்கள். 5 மீட்டருக்குள் முடிந்துவிடும், ஆனால் பார்க்க ஆனந்தமாக இருக்கும்.

அண்ணன் மகளின் தூரக் கார் கடைசியில் பள்ளி வராந்தாவில் 13 மீட்டர் 40 செ.மீ. ஓடியது. மடித்து வைத்த காகிதத்தில் 15 என்று எழுதியிருந்தாள். மீதி 1 மீட்டர் 60 எங்கே போனது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். முன்பக்க வலது பாசிமணிமேல்தான் சந்தேகம் என்கிறாள்.